அமீனா புகுந்த டிவி வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். நான் வசந்தாவைப் பெண் பார்க்கப் போன அன்று என் மாமியார் இதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார். உத்தியோகத்தை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகே பெண் கொடுத்தார்கள். பெங்களூரில் ஒரு சிவில் கோர்ட்டில் சம்மன் ஜாரி செய்யும் வேலை எனக்கு, அதாவது ஆளைத் தேடிப்பிடித்துக் கையில் கொடுக்கும் வேலை. அலுவலகத்தில் ப்ராசஸ் சர்வர் என்று கௌரவமாக எழுதுவார்கள். நான் குடியிருக்கும் ஜோகுபாளையத்தில் ‘அமீனா’ முனிரத்தினம்தான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பட்டம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

போன வாரம், என் இடத்துக்கு வந்திருக்கும் பவ்யா போன் செய்தாள். இப்போதெல்லாம் சம்மனை வாட்ஸப்பிலேயே அனுப்புகிறார்களாம். எதிராளி படித்துவிட்டதாக நீலக் குறி விழுந்துவிட்டது, ஆனால் பதில் இல்லை, ஜாரி ஆனதாக எழுதலாமா என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும், என் காலத்தில் நாய் குரைத்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான் என்றேன். சிரித்துவிட்டு, நான் விக் வைத்து டான்ஸ் ஆடி டிவி வீட்டுக்குள் சம்மன் கொடுத்தது நிஜமா என்று கேட்டாள். விக் இல்லை, டான்ஸ் இல்லை, வெறும் பவுடர். நடந்ததை நானே எழுதி வைக்காவிட்டால் அடுத்த வருஷம் எனக்குச் சேலை கட்டிவிடுவார்கள்.

இந்த வேலைக்குப் பெரிய பயிற்சி எதுவும் கிடையாது. கொஞ்ச நாள் ஒரு சீனியர் பின்னால் அலைந்தேன். ‘அவரு ஊர்ல இல்லீங்க’ என்று தன்னைப் பற்றியே சொல்லும் ஆசாமிகளைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். மற்றதை நாய்கள் கற்றுக்கொடுத்தன. முறை இதுதான். ஆளைப் பார்த்து, பெயரும் தகப்பன் பெயரும் கேட்டு உறுதி செய்ய வேண்டும். விஷயம் என்ன என்று சொல்லி நகலைக் கொடுத்து, அசலில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆள் கிடைக்கவே இல்லை அல்லது வாங்க மறுக்கிறார் என்றால், அவர் குடியிருக்கும் வீட்டின் கதவில் சாட்சிகள் முன்னால் நகலை ஒட்ட வேண்டும். ஆபீஸ் கோந்து பெங்களூர்த் தூறலில் நிற்காது. அதனால் வசந்தா மைதாப் பசை காய்ச்சித் தருவாள். உத்தியோகத்தை வாசலில் விடுவதாகச் சொன்ன மாப்பிள்ளை அதை அடுப்பிலேயே ஏற்றிவிட்டார் என்று மாமியார் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் நாஜர். அப்போதைய நாஜர் சேஷாத்ரி சார், மல்லேஸ்வரத்துக்காரர். தாத்தா காலத்திலிருந்து சர்க்கார் உத்தியோகம். வீட்டில் தமிழ், ஆபீசில் கன்னடம், எங்களிடம் இரண்டும். மெட்ரோவில் வந்து இறங்கி, குடையை மடித்து ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, எங்கள் ரிப்போர்ட்டுகளை நின்றுகொண்டே வாசிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கேட்கும் கேள்வியும் ஒன்றேதான்.

“நீயே பார்த்தியா?”

ஒருமுறை ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதியிருந்தேன். நீயே பார்த்தியா என்றார். பார்த்தேன் சார் என்றேன். பூட்டு எந்தப் பக்கம் தொங்கியது என்றார். வலது பக்கம் என்று அடித்துவிட்டேன். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் நாம் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். போய்ப் பார்த்தேன். கதவில் பூட்டே இல்லை. துருப்பிடித்த தாழ்ப்பாள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே குடும்பமே உட்கார்ந்து பிசிபேளா பாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு கரண்டி வைத்தார்கள்.

இனி ஜீவா கதைக்கு வருகிறேன். ஜீவானந்தம் எங்கள் தெருப் பையன். ஆட்டோக்காரர்கள், அரசியல்வாதிகள், பால்காரர் என்று யாரைப் போலவும் பேசுவான். அதை ரீல்ஸாகப் போட்டுக் கொஞ்சம் பிரபலமானான். ஒரு டிவிக்காரர்கள் அவனைத் தங்கள் ரியாலிட்டி ஷோவுக்குக் கூட்டிப்போனார்கள். பத்துப் பதினைந்து பேரை ஒரு வீட்டுக்குள் பூட்டி வைப்பார்கள். போன் கிடையாது, பேப்பர் கிடையாது, வெளியுலகச் செய்தி ஒரு துளி போகாது. ஜனங்கள் ஓட்டுப் போடப் போட ஒவ்வொருவராக வெளியேறுவார்கள், கடைசியில் நிற்பவர் ஜெயித்தவர்.

ஆரம்பத்தில் ஜீவாவை யாரும் கண்டுகொள்ளவில்லை. வெளியேறும் நிலைமை வந்தது. அப்போது ஒருநாள் அவன் அழுதுகொண்டே ஒரு கதை சொன்னான். சின்ன வயதில் பசிக்கு ஜோகுபாளையம் முனையில் தனம் என்பவர் நடத்தும் டிபன் கடைக்குப் போவானாம். எச்சில் தட்டுகளைக் கழுவினால்தான் இட்லி கிடைக்குமாம். ஒருநாள் கழுவாமல் கை நீட்டியதற்குக் கொதிக்கும் கரண்டியால் சூடு வைத்துவிட்டாராம். சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினான். கர்நாடகமே அழுதது. வசந்தாவும் அழுதுகொண்டே ஓட்டுப் போட்டாள்.

“ஏய், அது பைக் சைலன்சர்ல பட்டதுடி. தெருவுக்கே தெரியுமே” என்றேன்.

“எனக்கும் தெரியும். ஆனா எப்படிச் சொல்றான் பாரு” என்றாள்.

தெருவுக்குத் தெரிந்து என்ன பயன்? ஜீவாவின் அம்மா விடியும் முன்பே கார்மெண்ட்ஸ் வேலைக்குக் கிளம்பிவிடுவார். பையன் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்கக் காலைச் சாப்பாடு போட்டவர் தனம்தான். தட்டைக் கழுவச் சொன்னதே இல்லை. இது எங்கள் இரண்டு சந்துக்குத் தெரியும், அந்தக் கதையோ மாநிலத்துக்கே தெரிந்துவிட்டது. எங்கெங்கிருந்தோ பையன்கள் பைக்கில் வந்து கடை முன்னால் நின்று வீடியோ எடுத்தார்கள். ‘கரண்டி அம்மா’ என்று கூப்பிட்டார்கள். முட்டை அடித்தார்கள். யாரோ கடைக் கதவில் ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தனம் கடையை மூடிவிட்டார். நாங்கள் சிலர் போய், நாலு நாளில் எல்லாம் மறந்துபோகும் என்று ஆறுதல் சொன்னோம். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கும் அவர் இட்லி வைத்தார். நான் நாலு சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தனம் இலவசச் சட்ட உதவி வக்கீல் மூலம் வழக்குப் போட்டார். நஷ்டஈடு கேட்கவில்லை. அந்தக் கதையை மறுபடி சொல்லக்கூடாது, சொன்னது பொய் என்று அவனே சொல்ல வேண்டும், இவ்வளவுதான் கேட்டார். அடுத்த வாய்தா ஷோவின் கடைசி வாரத்துக்கு முன்னால் வந்தது. அதற்குள் ஜீவாவுக்கு சம்மன் ஜாரி ஆகாவிட்டால் வழக்கு தள்ளிப்போகும். அவன் அந்தக் கதையைச் சொல்லியே ஜெயித்துவிடுவான்.

“ஜெயிச்சுட்டான்னா அது கதையா இருக்காதுண்ணா, சரித்திரமாயிடும். அப்புறம் நான் செத்தாலும் கரண்டி அம்மாதான்” என்றார் தனம். ஜோகுபாளையம் உட்பட அல்சூர் பக்கம் முழுக்க என் ஜாரி எல்லை. சம்மன் என் கைக்குத்தான் வந்தது. நாஜரிடம் போய், சார் இது எங்கள் தெரு விஷயம் என்று தயங்கினேன். “அப்போ வழி கேட்க வேண்டாம், ஹோகு” என்று கன்னடத்தில் போகச் சொன்னார்.

வழி தெரிந்து என்ன, ஆள் வேண்டாமா? ஜீவாவின் பழைய வீட்டில் வேறு குடித்தனம் வந்துவிட்டது. அவன் அம்மா சந்தாபுராவில் புது பிளாட்டுக்குப் போயிருந்தார். இரண்டு பஸ் மாறிப் போனேன். கதவைத் திறந்தவர், மகன் இன்னும் இந்த வாசப்படியை மிதிக்கவே இல்லை, ஷோ முடிந்து வந்த பிறகுதான் பால் காய்ச்சப் போகிறோம் என்றார். அவர் சொன்னது உண்மைதான். அவன் ஒருநாள்கூடக் குடியிருக்காத வீட்டின் கதவில் நான் எதை ஒட்டுவது? பசை டப்பாவைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

“அவன் எங்க இருக்கான்னு ஊருக்கே தெரியும். கோர்ட்டுக்குத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மா கதவைச் சாத்தினார்.

ரிப்போர்ட் எழுதிக்கொண்டு போனேன். சேஷாத்ரி சார் நின்றபடி வாசித்தார்.

“இப்போ அவன் எங்கே தூங்கறான்?”

“அந்த டிவி வீட்லதான் சார்.”

“நீயே பார்த்தியா?”

“தினமும் பார்க்கிறேன் சார். ஒன்பது மணிக்கு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. சார் கண்ணாடியைக் கழற்றினார்.

மறுநாள் காலை அந்த ஷோ நடக்கும் இடத்துக்குப் போனேன். ஊருக்கு வெளியே பெரிய காம்பவுண்ட். கோர்ட்டிலிருந்து வருகிறேன் என்று கேட்டில் சொன்னேன். செக்யூரிட்டி வாக்கி டாக்கியில் யாரிடமோ கேட்டுவிட்டு, மரியாதையாக உள்ளே அனுப்பினார். எனக்கே ஆச்சரியம். இத்தனை வருஷ சர்வீசில் என்னை ஒருவர் உடனே உள்ளே விட்டது அதுதான் முதல்தடவை. அந்த வாரம் வீட்டுக்குள் அவர்களுக்குக் கோர்ட் மாதிரி நடித்துக்காட்டும் ‘கோர்ட் டாஸ்க்’ நடந்துகொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? இன்று எடுப்பது நாளைக்குத்தான் டிவியில் வரும்.

கையில் அட்டையும் காதில் மைக்குமாக ஒரு பெண் ஓடிவந்தாள். “நீங்கதானே அமீனா? ஏன் சார் லேட்டு?” என்றாள். அமீனா என்ற வார்த்தையை அவள் வாயில் கேட்டதும் நெகிழ்ந்துபோனேன். ஆமாம்மா, நிஜ கோர்ட்டிலிருந்து வருகிறேன் என்றேன். அவள் தலையாட்டி, “சூப்பர், அப்படியே கேரக்டர்லயே இருங்க” என்றாள். அடையாள அட்டையைக் காட்டினேன். ஆர்ட் டிபார்ட்மெண்ட் நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்றாள். சம்மனை எடுத்து முத்திரையைக் காட்டி, இது விளையாட்டில்லை என்று சொன்னேன். டயலாக் நன்றாக இருக்கிறது, உள்ளேயும் அதையே சொல்லுங்கள் என்றாள். இதற்கு மேல் ஒரு அரசு ஊழியர் என்னதான் செய்வது?

அவளுக்கு என்னிடம் ஒரே ஒரு குறை இருந்தது. நான் அமீனா மாதிரி இல்லையாம். பெரிய மீசை இருந்திருக்கலாம், உடம்பு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம், இந்தத் துணிப்பை ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது என்றாள். முகம் எண்ணெய் வழிகிறது என்று ஒருவரைக் கூப்பிட்டுப் பவுடர் போடச் சொன்னாள். அடித்த பவுடரில் நான் கருப்பா சிவப்பா என்று வசந்தாவாலேயே சொல்லியிருக்க முடியாது.

ஒரு கதவு திறந்தது. உள்ளே தள்ளிவிட்டார்கள். தினமும் பார்க்கும் அதே ஹால், அதே ஆரஞ்சு சோபா. டிவியில் பார்ப்பதைவிடச் சின்னதாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எல்லோரும் ‘ஹோ’ என்று கத்தினார்கள். ஜீவா எழுந்து வந்து, கோமாளித்தனமாகத் தடாலென்று என் காலில் விழுந்து, ஐயோ அமீனா வந்துட்டாரே, என் குடும்பம் என்ன ஆகும் என்று கன்னடத்தில் ஒப்பாரி வைத்தான்.  காலில் விழுந்தாலும் முறை முறைதானே. பெயர் கேட்டேன், சொன்னான். தகப்பன் பெயர் கேட்டேன், சொன்னான். நகலைக் கொடுத்து அசலை நீட்டினேன். சினிமா ஸ்டார் மாதிரி கையை வீசிக் கையெழுத்துப் போட்டான். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு விஷயத்தைச் சொல்ல வேண்டுமே. வாசித்தேன். வாதி, தனம், டிபன் கடை, ஜோகுபாளையம். அவன் கை அப்படியே நின்றது. முதல்தடவையாக என் முகத்தை உற்றுப் பார்த்தான். பவுடரைத் தாண்டி என்னைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“முனி மாமா?” என்றான் தமிழில். “இது டாஸ்க்குதான?”

“இல்லடா. நெஜம்.”

“தனமக்காவா கேஸ் போட்டுது? இன்னாத்துக்கு?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனுக்கு ஒன்றுமே தெரியாது. அவன் சொன்ன ஒரு கதையை வைத்து வெளியே மாநிலமே ஆடிக்கொண்டிருந்தது, அவன் அந்தச் சோபாவில் உட்கார்ந்து காரட் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். காகிதத்தில் இருப்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது எங்கள் விதி. வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும்.

“கடைய மூடிட்டாங்கடா. முட்டை அடிச்சாங்க” என்றேன்.

கூரையிலிருந்து ஒரு குரல், அமீனா வெளியே வரவும் என்று கன்னடத்தில் சொன்னது. என்னை வெளியே இழுத்துவிட்டார்கள். வாசலில் பெரிய மீசையும் காக்கிக் கோட்டுமாக, அசல் அமீனா மாதிரியே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அவர்கள் வரச்சொன்ன நடிகர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த முகத்துக்கு எப்படி ரோல் கொடுத்தார்கள் என்ற மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டார்.

நேராக ஆபீசுக்குப் போனேன். சேஷாத்ரி சார் ரிப்போர்ட்டை வாசித்தார்.

“நீயே பார்த்தியா?”

“பார்த்தேன் சார்.”

“அவன்தான்னு எப்படித் தெரியும்?”

“மாமான்னு கூப்பிட்டான் சார்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். நான் திரும்பிப் போகப் பையை எடுத்தேன். நிதானமாகத் துடைத்தார், மாட்டிக்கொண்டார். பிறகு அந்தத் துணியை என்னிடம் நீட்டினார். “முகத்தைத் துடைச்சுக்கோ” என்றார். பவுடரோடேயே மூன்று பஸ் மாறி வந்திருக்கிறேன், ஒரு கண்டக்டர்கூடச் சொல்லவில்லை.

வாய்தா அன்று டிவிக்காரர்களின் வக்கீல், நான் நடிகன் என்று ஏமாற்றி உள்ளே நுழைந்ததாகவும், இந்த ஜாரி செல்லாது என்றும் வாதாடினார். ஜட்ஜ் என்னைக் கூண்டில் ஏற்றினார். கோர்ட்டிலிருந்து வருவதாகச் சொன்னாயா என்று கேட்டார். கேட்டிலும் சொன்னேன், உள்ளேயும் சொன்னேன், யாரும் நம்பவில்லை ஸ்வாமி என்றேன். வேஷம் போட்டாயா என்றார். பவுடர் மட்டும், அதுவும் அவர்களே போட்டது என்றேன். கோர்ட்டே சிரித்தது. பின்வரிசையில் சேஷாத்ரி சார் மட்டும் சிரிக்கவில்லை. ஜாரி செல்லும், அந்தக் கதையை இனி ஒளிபரப்பக் கூடாது என்று ஜட்ஜ் உத்தரவு போட்டார். நான் ஏதோ கேஸையே ஜெயித்துவிட்ட மாதிரி தனத்திடம் ஓடினேன். அவர் முகம் மலரவில்லை.

“இனிமே சொல்லாதேன்னுதானே சொன்னாங்க. சொன்னது சொன்னபடியே கீதேண்ணா” என்றார்.

 உள்ளே நான் போனது எதுவும் டிவியில் வரவில்லை, வெட்டிவிட்டார்கள். அந்த வார இறுதியில் நேரடி ஒளிபரப்பு. தனமும் எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்து பார்த்தார். ஜெயித்தால் என்ன செய்வாய் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஜீவாவின் முறை வந்தது. கன்னடத்தில் ஆரம்பித்தவன் நடுவில் நிறுத்தினான். சட்டைக் கையைச் சுருட்டினான். வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது பைக் சைலன்சர்ல பட்டது” என்றான் தமிழில். “தனமக்கா எனக்குச் சூடு வைக்கல. சோறுதான் வச்சாங்க. நான் சொன்னது பொய்.”

உடனே விளம்பரம் போட்டுவிட்டார்கள். ஒரு சோப்பு, அடுத்து ஒரு பிரஷர் குக்கர். தனம் குக்கர் விளம்பரத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். விளம்பரம் முடிந்தபோது சோபாவில் ஜீவா இல்லை.

மறுவாரம் தனம் வழக்கை வாபஸ் வாங்கினார், கடையைத் திறந்தார். என் கதைதான் சந்தி சிரித்தது. வெட்டின காட்சியை அங்கிருந்தே யாரோ இணையத்தில் விட்டுவிட்டார்கள். அதன் பிறகு நான் எந்த வீட்டுக்குச் சம்மன் கொண்டுபோனாலும், ஜனங்கள் என்னைப் பார்த்ததும் தலைவாரிக்கொண்டு கேமரா எங்கே என்று தேட ஆரம்பித்தார்கள். ஜப்திக்குப் போன இடத்தில் ஒருவர் என்னோடு செல்பி எடுத்துவிட்டு, பிராங்க் சூப்பர் என்று கதவைச் சாத்திக்கொண்டார். நிஜ அமீனா என்று நிரூபிக்கவே மீதி சர்வீசெல்லாம் போய்விட்டது. ஒருமுறை ஒரு சீரியலில் அமீனா வேஷத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். மீசை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு சம்மன் வந்தது. ஒப்பந்தத்தை மீறி நேரடி ஒளிபரப்பைக் கெடுத்துவிட்டான் என்று டிவிக்காரர்கள் ஜீவா மேல் போட்ட வழக்கு. சந்தாபுரா பிளாட் கைவிட்டுப் போய், அவனும் அம்மாவும் ஜோகுபாளையத்துக்கே வாடகைக்குத் திரும்பியிருந்தார்கள். முன்பு அவனுக்காக அழுது ஓட்டுப் போட்டவர்களே இப்போது அவன் பேரைச் சொன்னாலே திட்டினார்கள். காலையில் அவன் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியும்.

தனத்தின் கடை முன்னால் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், என் பையைப் பார்த்ததும், வாயில் வைத்த இட்லி அப்படியே நின்றது. நான் காகிதத்தை வெளியே எடுத்தேன்.

“உள்ள வைண்ணா அத” என்றார் தனம், அடுப்பிலிருந்து திரும்பாமலே. “சாப்ட்டு முடிக்கட்டும்.”

உள்ளே வைத்தேன். அவன் தலை குனிந்தபடி சாப்பிட்டான். தனம் கேட்காமலே இன்னும் இரண்டு இட்லி வைத்தார், அதையும் சாப்பிட்டான். எனக்கு ஒரு டீ வந்தது. முடித்துவிட்டு ஜீவா தட்டை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனான். தனம் ஓடிவந்து அவன் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினார்.

“தட்ட வச்சுட்டுப் போடா. எவனாவது வீடியோ எடுத்துத் தொலைக்கப் போறான்.”

ஜீவா சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை கழுவி வந்து, சம்மனில் கையெழுத்துப் போட்டான்.